மூன்றாம் ஓலையன்று நான் உளறியது பற்றி

மறையூர்,
வெள்ளிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான் சகாயம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மைத்துனன் சூசையப்பன் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். அங்கே தாங்களும், என் அக்கா சந்தனமேரியும், தங்கள் மகளும் என் மருமகளுமான நிமியும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நலமாக இருந்த வீட்டைக் கலைத்துவிட்டு வந்தவனே நான் என்பதால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளவும்.

தாங்கள் என் நம்பரை பிளாக் செய்திருக்கிறீர்கள். அக்காவின் போனிலும் பிளாக். அதனால் அக்கா முந்தாநாள் பால் சொசைட்டியில் யாருடைய போனையோ வாங்கி என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. என்னிடம் சொன்னால் போனை வைப்பதற்குள் மறையூர் பஜாருக்கே தெரிந்துவிடும் என்ற பயம். தாங்கள் கேட்டிருப்பது ஒரே ஒரு காகிதம் என்று அக்கா சொன்னாளாம். கோயிலில் நான் சொன்னது முன்பின் யோசிக்காமல் உளறியது, அதில் ஒரு விஷயமும் இல்லை என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த வியாழனுக்குள் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து சேரும்படி அனுப்ப வேண்டும். அதைப் பங்குச் சாமியாரிடமும் சம்பந்தி தனபாலிடமும் காட்டினால் மறுபடி ஓலை வாசித்து, மாப்பிள்ளை ரிஜின் நீட்டி வாங்கியிருக்கிற லீவு முடிந்து பஹ்ரைன் போவதற்குள் கல்யாணத்தை நடத்திவிடலாம். இது தங்கள் கணக்கு. நான் செய்துவைத்த சேதத்துக்கு ஒரு காகிதம் பெரிய விஷயமே இல்லை. அதனால் விடிந்ததும் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பக்கமும் எழுதி முடிந்ததும் அவள் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த பக்கம். இதுவரை மூன்று காகிதங்கள் அடுப்புக்குப் போய்விட்டன. பேசுவதைவிட எழுதுவது எனக்கு நல்லது என்று அவள் சொல்கிறாள். பேசியதை அடிக்க முடியாது, எழுதியதை அடிக்கலாம்.

இந்தக் கடிதம் மற்றவர்கள் கைக்கும் போகப்போவதால், தங்களுக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து எழுதுகிறேன். கோபப்படாமல் படிக்கவும். போன மாதம் மூன்றாவது ஞாயிறு, தங்கள் கோயிலில் காலை ஏழு மணிப் பூசை. நிமிக்கும் ரிஜினுக்கும் அன்று மூன்றாவது ஓலை. நம்மவர்களில் மூன்று ஞாயிறு பூசையில் பேர் சொல்லி ஓலை வாசித்த பிறகுதான் தாலி. மூன்றாவதும் வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்தது என்றுதான் ஊரில் பேச்சு. சாமியார் மைக்கில், இன்னாரின் மகன் ரிஜின், இன்னாரின் மகள் நிமி என்று வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். அந்த இடைவெளியில், ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து, பெண்ணுக்குச் சொந்தத் தாய்மாமனாகிய நான் எழுந்து நின்றேன்.

“புள்ளைக்கு இஷ்டம் இல்ல சாமி” என்றேன்.

கோயிலில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். கீபோர்டு வாசிக்கிறவர் பதறிப்போய், இன்னும் நேரம் ஆகாத காணிக்கைப் பாட்டை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஜனங்களும் பழக்கத்தில் எழுந்து நின்று பாடினார்கள். கோயில் பிள்ளை காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, என் முன்னால் வந்தவுடன் பையை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பெண்கள் பக்கம் அக்கா முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன். தங்களைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால், முப்பத்தோரு வருஷ தேயிலை எஸ்டேட் சர்வீஸ் என்றுதான் சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கிளார்க் பேர் வாசிப்பார். ஒவ்வொரு பேருக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்துவார். ஆள் வந்திருந்தால் ஆளே குரல் கொடுக்கும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சூப்பர்வைசரான நான் சொல்ல வேண்டும். காய்ச்சல், பிள்ளைக்கு ஊசி போடப் போயிருக்கு, குடித்துவிட்டுக் கிடக்கிறான், இப்படி. பேரை வாசித்து எவராவது நிறுத்தினால் போதும், என் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். ரிட்டையர் ஆகி மூன்று வருஷம் ஆகியும் அது அடங்கவில்லை. ரேஷன் கடையில் பேர் வாசித்தால் ஊரில் இல்லாதவர்களுக்கெல்லாம் நான்தான் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வேலையிலும் நான் நல்ல பேர் எடுத்ததில்லை மச்சான். பெரியமுத்து என்று ஒருத்தன், அத்தை செத்துப்போய்விட்டதாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போடிக்குப் பெண் பார்க்கப் போயிருந்தான். என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தான். மறுநாள் பெரட்டில் மேனேஜரும் வந்து நின்றார். கிளார்க் பெரியமுத்து என்று வாசித்து நிறுத்தினார். பொண்ணு பாக்கப் போடிக்குப் போயிருக்கான் சார் என்றேன். அத்தை இறந்ததாக அல்லவா எழுதியிருக்கிறது என்றார் மேனேஜர். அத்தை அழகுத்தாய் இந்தா மூணாவது வரிசையில நிக்காகளே சார் என்று கையையும் காட்டினேன். அழகுத்தாய் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தான் செத்த விஷயம் அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது. பெரியமுத்துவுக்கு அந்தச் சம்பந்தமும் அமையவில்லை. நாலு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தான்.

என் கல்யாணத்திலும் இதே கதைதான். பீடத்துக்கு முன்னால் சாமியார் சூசையப்பன் என்று ஆரம்பித்து மூச்சு விட்டார். நான் சம்மதம் சாமி என்றுவிட்டேன். தம்பி, கேள்வி இன்னும் வரவில்லை என்றார். கோயிலே சிரித்தது. பிறகு கேள்வி வந்தபோது எனக்குச் சத்தம் வரவில்லை, என் வீட்டுக்காரி பக்கத்திலிருந்து முழங்கையால் இடித்த பிறகுதான் வந்தது. இந்த வரியை அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, அடிக்காமல் விட்டிருக்கிறாள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் தாங்கள் பெருந்தன்மையாக, தாய்மாமன் இல்லாமல் கல்யாண வேலையா என்று என்னை மூன்று வாரம் முன்னதாகவே வரவழைத்தீர்கள். வந்தவன் சும்மா இருந்தேனா? நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வராந்தாவில் வந்து உட்கார்ந்ததும், ரிஜினின் அம்மாவிடம், போட்டோல முடி இருந்துச்சே என்று கேட்டுவிட்டேன். பஹ்ரைன் தண்ணி ஒத்துக்கலைங்க என்றார் அந்த அம்மா. எங்க எஸ்டேட்ல ஒருத்தருக்குத் தண்ணி மாறாமலே இப்படி ஆச்சு என்றேன். அக்கா உள்ளேயிருந்து என்னைத் தேங்காய் உரிக்கக் கூப்பிட்டாள். அன்றைக்குத் தேவையில்லாமல் பதினாறு தேங்காய் உரித்தேன்.

பிறகு பக்கத்துத் தோட்டத்துப் பொங்கியண்ணனுக்குப் பத்திரிகை கொடுக்கப் போனது. தங்களுக்கும் அவருக்கும் வேலித் தகராறு இருப்பது தெரியும். பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டு, மச்சான் உங்கள விட்டுரலாம்னுதான் சொன்னாரு, அக்காதான் பாவம்னு உங்க பேரச் சேத்துச்சு என்றேன். மரியாதைக்காகத்தான் சொன்னேன், அக்காவின் நல்ல மனசு அவருக்குத் தெரியட்டும் என்று. “அப்படீங்களா, ரொம்பச் சந்தோசமுங்க. மோரு குடிக்கறீங்களா?” என்றார். நானும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அவர் வேலி நம் பக்கம் ஒரு முழம் நகர்ந்திருந்தது.

இதற்கெல்லாம் தாங்கள் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. மச்சினனுக்கு வாயி கொஞ்சம் லூசு, மனசு சுத்தம் என்று தனபாலிடம் சொல்லிச் சிரித்தீர்கள். அந்த நல்ல மனசுக்குத்தான் நான் கோயிலில் வைத்துத் தலைக்குனிவைத் தேடித் தந்தேன். அதை நினைக்கும்போது இப்போதும் சோறு இறங்க மாட்டேனென்கிறது.

பூசை முடிந்து சாமியார் அறையில் நடந்ததை நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். என்னை உள்ளே விடவில்லை, விட்டிருந்தால் இன்னும் என்ன சொல்லியிருப்பேனோ. தாங்கள் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், எதிரே தனபாலும் அவர் சம்சாரமும். நடுவில் நிமி. மகளே, இந்தக் கல்யாணத்துக்கு உனக்குச் சம்மதம்தானே என்று சாமியார் கேட்டார். அவள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். தங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அழுதாள். அதற்குமேல் அவள் வாய் திறக்கவே இல்லை. விஷயம் தெளிவாகும் வரை தாலி கட்டும் நாளை நிறுத்தி வைப்பதாகச் சாமியார் சொன்னார். அது வெட்கத்தில் வந்த அழுகை என்று தாங்கள் எல்லோரிடமும் சொன்னீர்கள். தாங்கள் சொன்னபடியே வெட்கம் என்று நானும் இங்கே எழுதுகிறேன்.

அன்று மதியமே என் பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தீர்கள். பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலுக்கு வெளியே நின்று சத்தமே போடாமல் சொன்னீர்கள்.

“மாப்ள, உன்ற வாயி என்ற மானத்தை வாங்கிப்போடுச்சு. இனி என்ற ஊட்டுப் படி ஏறாத.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அக்கா பின்னாலேயே ஓடிவந்து வழிக்கு இட்லிப் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியாகத் தந்தாள். உடுமலை வரை அதைப் பிரிக்கவில்லை. சின்னார் செக்போஸ்ட்டில் பஸ்ஸுக்குள் ஏறிய ஆபீசர் எங்கேயிருந்து வர்றீங்க என்று என்னைக் கேட்டார். மருமக கல்யாணத்தை நிறுத்திட்டு வர்றேன் சார் என்றேன். அவர் என் பையை இறக்கித் துணிமணியெல்லாம் உதறிச் சோதித்தார். பஸ் கால் மணி நேரம் நின்றது. அத்தனை ஜனமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வந்த நாளிலிருந்து என் குற்றத்துக்குச் சரியான பேர் எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். எழுதிக் கொடுக்கும்போது வார்த்தை பிசகக்கூடாதே. அக்கா, பொசுக்குனு சொல்லிட்டியேடா என்றாள். தனபால், வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள் என்றார். என் வீட்டுக்காரி ஓட்டை வாய் என்கிறாள், ஆனால் அது கல்யாணமான நாள் முதல் சொல்வது, இந்த ஒரு சம்பவத்துக்குப் போதாது. வெடுக்கென்று சொல்லிவிட்டேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். வெடுக்கென்று சொல்லக் கொஞ்சம் கோபம் வேண்டும், எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. வாய் தவறி என்று எழுதினால், சகாயத்தைச் சவரிமுத்து என்று கூப்பிட்டதற்குச் சொல்வது போல மிகவும் சின்னதாக இருக்கிறது. கடைசியில், போட்டு உடைத்துவிட்டேன் என்று எழுதினேன். என் வீட்டுக்காரி பூண்டை வைத்துவிட்டு அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

“போட்டு உடைச்சேன்னு எழுதுனா உள்ள என்னமோ இருந்துச்சுன்னு ஆயிரும். உளறுனேன்னு எழுதுங்க. அதுல ஒண்ணும் இருக்காது.”

அவள் சொல்வது சரி. ஆகையால், தங்கள் விருப்பப்படியே கீழே எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறை பங்குக் கோயிலில், என் மருமகள் நிமியின் மூன்றாம் ஓலை வாசித்த நேரத்தில் நான் எழுந்து நின்று சொன்ன வார்த்தைகள், முன்பின் யோசிக்காமல், புத்தி தடுமாறி உளறியவை. அவற்றில் ஒரு விஷயமும் இல்லை. என்னிடம் அப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை. இதைச் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கொடுக்கிறேன்.

மச்சான், எழுதிவிட்டேன். இனி என் பங்குக்கு ஒரே ஒரு விண்ணப்பம். நடந்ததற்கெல்லாம் தண்டனை எனக்கு வரட்டும். தாங்கள் நிமியோடு பேசுவதில்லை, அவள் வைத்துக் கொடுக்கும் காபியைத் தொடுவதில்லை, அவள் பால் சொசைட்டி வேலைக்குப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள் என்று அக்கா சொன்னாளாம். உளறியவன் நான். அவள் வாயே திறக்கவில்லையே. ஒரு பேச்சும் பேசாத பிள்ளைக்கு எதற்கு இந்தத் தண்டனை? தங்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் வரவில்லை. தாய்மாமன் மாலையை வேறு யாரிடமாவது கொடுத்துப் போடச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் காபியை மட்டும் குடித்துவிடுங்கள்.

அறுபத்தோரு வயதில் ஒரு மனுஷன் தன் வாயால் கூடப்பிறந்தவளின் வாசலை இழப்பது சின்ன விஷயம் இல்லை. எனக்கு இருப்பது ஒரே அக்கா. அம்மா போன பிறகு எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அது தங்கள் வீடுதான். இந்த வருஷம் வீட்டுக்காரி கேக் வேண்டாம் என்றுவிட்டாள். நான் செய்த தப்புக்கு வருத்தப்படுகிறேன், வெட்கப்படுகிறேன், தாங்கள் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

தங்கள் மாடுகள் குறையாமல் கறக்கவும், தென்னைகள் நோயில்லாமல் நிற்கவும், அக்காவின் முழங்கால் வலி இந்த மழைக்காவது அடங்கவும், தங்கள் கோபம் தணிந்து என் நாக்கு கட்டுப்படவும் மாதாவிடம் தினமும் ஜெபமாலை உருட்டி ஐம்பத்து மூன்று மணிச் செபம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொங்கியண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும். வேண்டாம், சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும் மைத்துனன்,
சூசையப்பன்,
ஃபீல்டு சூப்பர்வைசர் (ஓய்வு).

பின்குறிப்பு: மறையூர் தபாலாபீசில் நின்றுகொண்டு எழுதுகிறேன். வீட்டுக்காரி முழுவதும் படித்து, சரி என்று மடித்துக் கொடுத்துவிட்டாள். கவரை ஒட்டக் கோந்து கேட்டேன். கோந்து இறுகிக் கிடக்கு, இப்பதான் தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன், கொஞ்சம் நில்லுங்க சேட்டா என்றாள் கவுண்டரில் இருக்கிற பெண் அஞ்சு. நின்றேன். நின்ற நேரத்தில் கடிதத்தைப் பிரித்து மறுபடி படித்துவிட்டேன்.

மச்சான், நான் உளறவில்லை.

நான் தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் சாயங்காலம், பால் கறக்கிற நேரம், மாட்டுக் கொட்டகையில் நிமி என்னிடம் சொன்னாள்: “மாமா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க மாமா. அப்பாகிட்ட மூணு தடவ சொல்லிப் பாத்துட்டேன். நீங்க யாருகிட்டயும் சொல்லீராதீங்க.” தாலி கட்டிய மாதமே அவன் பஹ்ரைன் போய்விடுவான், இவள் சொசைட்டி வேலையை விட்டுவிட்டு அவன் அம்மாவோடு இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சாம். நல்லவன்தான் மாமா, ஆனா என்னை ஒரு வார்த்த கேக்கல, யாருமே கேக்கல என்றாள். நான் மாதாமேல் ஆணையாக யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன்.

சொல்லவும் இல்லை. முதல் ஓலை வாசித்தார்கள். சாமியார் நிறுத்தினார். தொண்டை வரை வந்ததை நாக்கைக் கடித்து விழுங்கினேன். இரண்டாவது ஓலைக்கும் விழுங்கினேன். அன்று பெண்கள் பக்கத்திலிருந்து நிமி திரும்பி என்னையே பார்த்தாள். மாமா வாக்கைக் காப்பாற்றிவிட்டார் என்று நன்றியோடு பார்க்கிறாள் என்று நினைத்து, நான் பெருமையாகத் தலையை ஆட்டினேன். அவள் முகம் செத்துப்போனது. அது ஏன் என்று எனக்குப் புதன்கிழமை வரை விளங்கவில்லை. அவளுக்குச் சொல்ல அம்மா இருக்கிறாள், சொசைட்டியில் கூட வேலை செய்கிற ரிஞ்சு இருக்கிறாள், மடத்துச் சிஸ்டர்கள் இருக்கிறார்கள். இத்தனை பேரையும் விட்டுவிட்டு, குடும்பத்திலேயே எதுவும் நிற்காத வாயைத் தேடி வந்து, யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அவள் என்னிடம் ரகசியம் சொல்லவில்லை மச்சான். சொல்லியனுப்பினாள். ஊர் பூராவும் அடுத்தவர் விஷயத்தைச் சொல்லித் திரிந்த நான், அந்தப் பிள்ளை எந்த வாயை நம்பி வந்தாளோ அந்த வாயைப் பூட்டி வைத்துக்கொண்டு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு வேண்டுமென்றேதான் எழுந்து நின்றேன். பெரட்டுப் பழக்கம் எல்லாம் இல்லை. சாமியாரை அறையில் போய்ப் பார்த்துச் சொல்வதுதான் முறை என்பது எனக்கும் தெரியும். அறையில் சொல்லியிருந்தால் தாங்களும் அவரும் தேநீர் குடித்து அங்கேயே பேசி முடித்திருப்பீர்கள். தேர்த்திருவிழாவில் மேளச் சத்தத்துக்கு நடுவே தனபால் பெண் கேட்டவுடன் அவர் கையைப் பிடித்து, என்ற பொண்ணு உங்க ஊட்டுக்குத்தான் என்றீர்களே, அப்போது தாங்கள் எவ்வளவு நேரம் யோசித்தீர்கள்? அதை ஊரில் வாக்கு என்கிறார்கள். நான் அந்த நாலு வார்த்தைக்கு நாலு நாள் யோசித்தேன். அதை உளறல் என்று எழுதித் தரச் சொல்கிறீர்கள்.

பின்குறிப்பை மட்டும் கத்தரித்துவிட்டுச் சாமியாரிடம் காட்டலாம் என்று நினைக்க வேண்டாம். உளறிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்த அதே தாளின் பின்பக்கத்தில்தான் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்றைக் காட்டினால் மற்றதும் தெரியும். கோந்து இளகிவிட்டதாம், அஞ்சு கூப்பிடுகிறாள். வீட்டுக்காரிக்கு இது தெரிந்தால் இன்றைக்கு எனக்குச் சோறு இல்லை, இருந்தாலும் நானே போய்ச் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். தாங்கள் நிமியைத் தனியாகக் கேளுங்கள். சாமியார் வேண்டாம், அக்கா வேண்டாம், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, மாடு கறக்கும்போது கேளுங்கள். சொல்வாள்.

வருத்தப்படுகிறேன் என்று மேலே எழுதியது பொய்யில்லை மச்சான். ஆனால் அது மூன்றாம் ஞாயிற்றுக்காக இல்லை. முதல் இரண்டு ஞாயிற்றுக்காக.